கஞ்சித்தொட்டியும் சமபந்தியும்

பசித்தவனுக்கு உணவிடுதல் அறம் என்பதை மறுப்பார் எந்நாட்டிலும் இலர். ஆயின், அவனை எவ்விடத்தில், எவரோடு இருத்தி, எம்முறையில் உண்பிப்பது என்னும் வினா எழும்போது மாந்தர் கருத்து பலவாகப் பிரிகின்றது. சோறும் அகப்பையும் ஒன்றாயினும், வழங்கும் முறைக்கேற்ப உண்பவன் விருந்தினனும் ஆகலாம், இரவலனும் ஆகலாம். கையிற் காசு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் நல்லுணவை ஒப்ப வழங்கும் பொது உணவகங்கள் இக்காலத்திற் பல நாடுகளிலே தோன்றியுள்ளன. இவற்றை அண்மைக் காலத்துப் புதுமை என்று கருதுவாரும் உளர். வரலாற்றை நோக்குமிடத்து, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் நீண்டதொரு சோதனையின் இற்றை நாள் வடிவமே இவை என்பது புலனாகும். அச்சோதனை நமக்குக் கற்பிப்பது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோப்பாவில் ஏழைகளுக்கு உணவிடுவதை ஒரு கணக்கியலாகவே ஆக்க முயன்றவர் றம்போட் பிரபு எனப் பிற்காலத்திற் பெயர் பெற்ற பென்சமின் தொம்சன் ஆவர். அமெரிக்காவிற் பிறந்து பவேரிய மன்னனிடம் பணிபுரிந்த இவர், 1790ஆம் ஆண்டு பிறந்த நாளன்று மியூனிக் நகரத்துத் தெருக்களில் இரந்து திரிந்தோரைப் பிடித்துத் தொழிற்சாலையொன்றிற் சேர்ப்பித்தார். வாற்கோதுமையும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்து இவர் வகுத்த கூழ் ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றது. வெப்பத்தின் இயல்பை ஆராய்ந்த விஞ்ஞானியாதலின் அடுப்பினையும் இவர் திருத்தியமைத்தார். மிகக் குறைந்த விறகும் பொருளுங் கொண்டு மிகப் பலருக்கு எங்ஙனம் உணவிடலாம் என்பதே அவர் எழுப்பிய வினா. உண்பவன் உள்ளம் யாதாகும் என்பது அக்கணக்கில் இடம்பெறவில்லை.

அவ்வாறு இடம்பெறாமையின் விளைவை 1847ஆம் ஆண்டில் அயர்லாந்து கண்டது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் அந்நாட்டு மக்களின் முதன்மையான உணவே அழிந்தது. வீதியமைத்தல் முதலிய வேலைகளுக்குக் கூலி கொடுத்துப் பஞ்சத்தைத் தீர்க்க முயன்ற அரசாங்கம், அது பயனளிக்காமை கண்டு, 1847இன் தொடக்கத்திற் சட்டமொன்றியற்றிச் சமைத்த உணவை நேரே வழங்க முற்பட்டது. அவ்வாண்டு யூலை மாதத்தில் நாளொன்றுக்கு முப்பது இலட்சம் பேர் வரையில் இவ்வுணவைப் பெற்றனர். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மக்கட்டொகை எண்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டதாயிருந்தது என்பதை நினைவிற்கொண்டால், இப்பணி எத்துணைப் பெரிது என்பது விளங்கும். பஞ்ச காலத்தில் அரசு மேற்கொண்ட முயற்சிகளுள் உயிர்களைக் காப்பதில் மிக்க பயன் தந்தது இதுவே எனலாம்.

ஆயினும் அதனை ஐரிய மக்கள் நன்றியுடன் நினைந்திலர். காரணத்தை அறிய டப்ளின் நகரத்துக் காட்சியொன்றை நோக்குதல் போதும். இலண்டனிற் செல்வர் கழகமொன்றின் தலைமைச் சமையற்காரராயிருந்த அலெக்சிஸ் சோயர் என்னும் பிரான்சியர், அரசினர் அழைப்பின்பேரில் அங்குச் சென்று, 1847 ஏப்பிரில் மாதத்தில் மாதிரிக் கூழ்ச்சாலையொன்றை நிறுவினார். ஒரே வேளையில் நூறு பேர் உள்ளே விடப்பட்டனர். கிண்ணங்கள் மேசையிற் பதிக்கப்பட்டிருந்தன. கரண்டிகள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தன. மணி அடித்ததும் உண்ணத் தொடங்கிச் சில நிமிடங்களில் மீண்டும் மணி அடிக்க எழுந்து வெளியேறுதல் வேண்டும்; அடுத்த நூறு பேர் உட்புகுவர். திறப்புநாளில் நகரத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் வந்து பார்வையிட்டனர். ஐந்து சிலிங் கொடுத்தால் ஏழைகள் உண்பதைக் கண்டுகளிக்கலாம் என்ற செய்தி பரவியபோது, விலங்குக் காட்சிச்சாலையோடு அதனை ஒப்பிட்டுப் பத்திரிகைகள் இழித்துரைத்தன. சோயர் கொடியவர் அல்லர், மெய்யாகவே இரக்கமுடையவர். எனினும், கரண்டியைச் சங்கிலியாற் பிணித்தவன், உண்ண வருபவன் கள்வன் என்று முன்னரே தீர்ப்பெழுதிவிட்டான் என்பதை மறுத்தல் இயலாது.

இதனினும் ஆழமான வடுவொன்றும் உண்டு. சில சமயப் பிரசாரகர், தம் சமயப் பிரிவிற் சேர்வோர்க்கே கூழ் என்று நிபந்தனை விதித்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாறு நிபந்தனை விதித்தோர் சிலரேயாயினும், ‘கூழ் வாங்கியவன்’ என்பது கொள்கையை விற்றவனைக் குறிக்கும் வசைமொழியாகித் தலைமுறை பலவாக நிலைத்தது. அரசினரின் கூழ்ச்சாலைகளோ 1847 இலையுதிர்காலத்துக்குள் மூடப்பட்டன. ஏழைகள் தொழில் விடுதிகளைச் சார வேண்டியவராயினர். வெளியே வாழும் மிக வறிய கூலியாளின் நிலையினும் விடுதிக்குள் வாழ்பவன் நிலை தாழ்ந்ததாயிருத்தல் வேண்டும் என்பது 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட வறியோர் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. உதவி நாடுவோனை நாணச் செய்தாலன்றி அவன் உழைக்கமாட்டான் என்னும் எண்ணமே அதன் உட்கிடை.

ஏறக்குறைய இதே காலப்பகுதியில் நம் மொழி வழங்கும் நிலங்களிலும் இவ்வினாவுக்கு விடை காணப்பட்டது. 1866ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற் பஞ்சம் நிலவியது. அடுத்த ஆண்டு, 1867 மே மாதம் 23ஆம் நாள், இராமலிங்க அடிகளார் வடலூரிற் சத்திய தருமச்சாலையைத் தொடக்கினார். அதற்குரிய நிலத்தை ஊர்மக்களே கொடுத்துதவினர். அங்கு உண்ண வருவோனிடம் குலமும் சமயமும் வினாவப்படவில்லை. பசி ஒன்றே தகுதியாயிற்று. அன்று மூட்டப்பட்ட அடுப்பு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அணையாது காக்கப்பட்டு வருகின்றது. இப்பால் யாழ்ப்பாணத்தில், 1870களின் பிற்பகுதியிற் பஞ்சமும் கொள்ளைநோயும் வருத்தியபோது, ஆறுமுக நாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அடிகளாரின் பாடல்களை அருட்பா எனல் பொருந்துமா என்பது பற்றி இவ்விரு பெரியாரும் மாறுபட்டு, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதை நாம் அறிவோம். சித்தாந்தத்தில் முரணிய இருவரும் பசித்தோர் முன் பானையை ஏற்றுவதில் ஒன்றுபட்டனர் என்பது சிந்திக்கத்தக்கது.

மீண்டும் பிரித்தானியாவை நோக்குவோம். ஈகை என்னும் சொல்லே அங்கு ஏழைகளின் காதுக்குக் கசந்துபோன நிலையில், புதியதொரு வழியைக் கண்டவர்கள் கிழக்கிலண்டன் பெண்களே. 1914 ஓகத்து 4ஆம் நாள் பிரித்தானியா முதலாம் உலகப்போரிற் குதித்தது. தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. உணவுப் பொருள்களின் விலை ஏறியது. போர்க்களம் சென்றோரின் மனைவியர்க்குரிய படித்தொகை காலந்தாழ்த்தே கிடைத்தது. பெண்களின் வாக்குரிமைக்காகப் பலமுறை சிறை சென்ற சில்வியா பாங்கேஸ்ற் அம்மையாரும் அவர்தம் சங்கத்தினரும், அம்மாத இறுதியிலேயே போ என்னும் பகுதியிலிருந்த தம் மகளிர் மண்டபத்தில் ‘அடக்கவிலை உணவகம்’ ஒன்றைத் திறந்தனர். வளர்ந்தோர்க்கு இரண்டு பென்சு. பிள்ளைகளுக்கு ஒரு பென்சு. அதுவும் கொடுக்க இயலாதோர்க்கு இலவசச் சீட்டுக்கள் வழங்கப்பட்டன. சீட்டுடன் வருவோரும் காசுடன் வருவோரும் ஒரே மண்டபத்தில் ஒரே உணவை உண்டனர்.

இதிலுள்ள நுட்பத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முழுவதும் இலவசம் என்று பலகை தொங்கவிட்டிருந்தால், அங்கு நுழைபவர் அனைவரும் வறியோர் என்பது தெருவெல்லாம் அறிந்த செய்தியாகும். முழுவதும் விலைக்கே என்றிருந்தால், ஒன்றுமில்லாதவள் வாயிலிலேயே நின்றுவிடுவாள். சிறுவிலை ஒன்றை வைத்து, அவ்விலைக்கு ஈடாகச் சீட்டையும் ஏற்றுக்கொண்டமையால் இவ்விரு இடர்ப்பாடுகளும் நீங்கின. அடக்கவிலை என்ற பெயரிலும் பொருளுண்டு. கொள்ளை இலாபம் பெறும் வணிகர்க்கு எதிரான முழக்கமாக அது ஒலித்தது. ஈகையின் கறை அதிற் படியவில்லை. அடுத்த ஆண்டில் அதே சங்கத்தினர், ‘துப்பாக்கி செய்வோர் விடுதி’ எனப் பொருள்படும் பெயர் கொண்ட பழைய மதுச்சாலையொன்றை எடுத்து, ‘அன்னையர் விடுதி’ எனப் பெயர் மாற்றிக் குழந்தைகள் காப்பகமாக்கினர். பெயரிடுதலின் ஆற்றலை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

தனியார் காட்டிய வழியை அரசு பின்னர்க் கைக்கொண்டது. 1917 மே 21ஆம் நாள், இலண்டன் வெஸ்மினிஸ்ரர் பால வீதியில் முதலாவது தேசிய சமையற்கூடத்தை மேரி அரசியார் திறந்துவைத்தார். மக்கள் வாயிலிற் சீட்டு வாங்கி, உணவைத் தம் பாத்திரங்களிற் பெற்று வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். இவை கூழ்ச்சாலைகளைப் போலத் தோன்றலாகாது என்பதில் உணவு அமைச்சு கருத்தாயிருந்தது. எனினும் போர் முடிந்ததும் ஆதரவு குன்ற, இவை ஒவ்வொன்றாக மறைந்தன.

இருபதாண்டு கழிந்து மீண்டும் போர் மூண்டது. 1940 செத்தெம்பர் 7ஆம் நாள் முதல் இலண்டன் மீது இடைவிடாது குண்டு பொழியப்பட்டது. வீடிழந்தோர்க்கும் அடுப்பிழந்தோர்க்கும் சுடச்சுட உணவளிக்க நகர மன்றம் ஏற்படுத்திய நிலையங்களே நாடெங்கும் பரவிய பொது உணவகங்களுக்கு முன்னோடிகளாயின. அப்போது உணவு அமைச்சராயிருந்த வூல்ற்றன் பிரபு, பெரும் வணிக நிலையங்களை நடத்திப் பயின்றவர். இவ்வுணவகங்களுக்குச் ‘சமுதாய உணவூட்டு நிலையங்கள்’ என்று முதலிற் பெயரிடப்பட்டிருந்தது. 1941 மார்ச்சு மாதத்தில் தலைமை அமைச்சர் சேர்ச்சில் அவருக்குக் கடிதம் வரைந்து, அப்பெயர் பொதுவுடைமையையும் தொழில் விடுதியையும் நினைவூட்டுகின்றது என்று வெறுப்புடன் கண்டித்து, ‘பிரித்தானிய உணவகம்’ எனப் பெயரிடுமாறு கூறினார். நாட்டின் உயிர் ஊசலாடிய வேளையில் ஓர் உணவுச்சாலையின் பெயரைப் பற்றித் தலைமை அமைச்சர் கவலை கொண்டது வியப்பாகத் தோன்றலாம். ஆயின் தொழில் விடுதியின் நிழல் ஒரு நூற்றாண்டு கடந்தும் அம்மக்கள் உள்ளத்தில் எத்துணை இருளாகப் படிந்திருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1943ஆம் ஆண்டில் இவ்வுணவகங்களின் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியது. நாளொன்றுக்கு ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட உணவுகள் பரிமாறப்பட்டன. ஊராட்சி மன்றங்கள் இவற்றை நடத்தின. தேவாலய மண்டபங்கள், பள்ளிக்கூடங்கள் முதலியன உணவகங்களாயின. வணிகக் குழுவொன்றின் பழம்பெரும் மாளிகையும் இலண்டனில் இவ்வாறு பயன்பட்டது. ஒன்பது பென்சு அளவில் இறைச்சியும் இருவகைக் காய்கறிகளும் இனிப்பும் கொண்ட முழு உணவு கிடைத்தது. பங்கீட்டுச் சீட்டு கேட்கப்படவில்லை. சுவர்களில் ஓவியம் தீட்டக் கலைஞர் அழைக்கப்பட்டனர். அரண்மனையிலிருந்தும் சில உணவகங்களுக்குப் படங்கள் இரவலாக வந்தன. எழுதுவினைஞனும் சுமைகூலியும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றனர். சங்கிலியிற் கட்டிய கரண்டிக்கும், ஓவியம் தீட்டிய சுவருக்கும் இடையே உள்ள தூரம் வெறும் நூறாண்டுத் தூரம் அன்று. உண்ண வருபவனை இன்னான் என்று எண்ணும் எண்ணத்திலேயே நிகழ்ந்த மாற்றம் அது.

இச்சிறப்பெல்லாம் இருந்தும் இவ்வுணவகங்கள் நிலைத்திலவே, அது ஏன்? இவை தம் செலவைத் தாமே ஈட்டிக்கொள்ளல் வேண்டும் என்பது தொடக்கம் முதலே விதியாயிருந்தது. 1947ஆம் ஆண்டு நகர உணவகச் சட்டம் ஊராட்சி மன்றங்கள் இவற்றைத் தொடர்ந்து நடத்த இடமளித்ததாயினும் அவ்விதியைத் தளர்த்தவில்லை. 1954இற் பங்கீடு முற்றாக நீங்கியது. தனியார் உணவுச்சாலைகள் பெருகின. பொது உணவகங்கள் படிப்படியாக அருகின. அன்றியும், ஒன்பது பென்சு இல்லாதவனுக்கு அங்கு வழி இருக்கவில்லை. சமமான இருக்கை கிடைத்தது. அவ்விருக்கையை அடையும் வாயிலில் விலை நின்றது.

அவ்விலையையும் நீக்கிவிடத் துணிந்தவையே இக்காலத்து விலைகுறியா உணவகங்கள். 1980களில் மலாயா, சிங்கப்பூர் நகரங்களில் எழுந்த அன்னலட்சுமி உணவகங்கள், வேண்டியதை உண்டு விரும்பியதைக் கொடுக்கும் முறையை மரக்கறி உணவோடு பரப்பின. 2000ஆம் ஆண்டில், இலங்கையிற் பிறந்த சானக்க பெர்னாண்டோ என்பவர் மெல்போண் நகரில் இத்தகைய உணவகமொன்றைத் தொடக்கினார். கடைவாயிலில் உண்டியற்பெட்டி ஒன்று இருந்தது. இட்டவர் எவர், இடாதவர் எவர் என்று எவரும் நோக்கவில்லை. 2003இல் அமெரிக்காவில் சோல்ற் லேக் நகரிலும், 2006இல் டென்வர் நகரிலும் இம்முயற்சி வேரூன்றியது. டென்வரில் காசில்லாதவர் சிறிது நேரம் பணிசெய்தோ, தோட்டத்து விளைபொருளைக் கொணர்ந்தோ தம் உணவுக்கு ஈடு செய்யலாம். கிழக்கிலண்டன் பெண்கள் சீட்டாற் செய்ததை இவர்கள் உழைப்பாற் செய்தனர். பெறுபவன் கொடுப்பவனாகவும் ஆகின்றான் என்பதே இதன் பெருமை.

பெருவணிகமும் இத்துறையிற் கால்வைத்துப் பார்த்தது. அமெரிக்காவிற் பல கிளைகளையுடைய பனேரா என்னும் வெதுப்பக நிறுவனம் 2010இல் மிசூரி மாநிலத்தில் விலைகுறியா உணவகமொன்றைத் திறந்து, பின் மேலும் சிலவற்றை வேறு நகரங்களிற் பரப்பியது. கொடுக்க இயன்றோர் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பர். அது கொடாதோர் குறையை நிரப்பும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. அக்கணக்கு நிரம்பாது போகவே, 2019இல் எஞ்சியிருந்த கடைசி உணவகமும் மூடப்பட்டது. மெல்போண் முயற்சியும் பல்லாண்டு சிறப்புற நடந்து, பொருள் முட்டுப்பாட்டாற் பின்னர் ஒடுங்கியது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின், இத்தகைய உணவகம் நிலைபெறுதற்கு மூன்று வேண்டுமென்பது தெளிவாகும். முதலாவது, உடையோரும் இல்லோரும் ஒரே பந்தியில் இருத்தல். இரண்டாவது, வாயிலிற் காசோ கொள்கையோ கேளாமை. மூன்றாவது, பானை வற்றாதிருத்தற்குரிய நிலையான வருவாய். டப்ளினிற் சிறிது காலம் மூன்றாவது இருந்தது, முதலாவது இல்லை. பிரித்தானிய உணவகத்தில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. விலைகுறியா உணவகங்களில் முதலிரண்டும் இருந்தும், பலவற்றில் மூன்றாவது இல்லாது போயிற்று.

மூன்றும் ஒருங்கே அமைந்ததற்குச் சீக்கியரின் இலங்கர் என்னும் அன்னசாலை சிறந்த எடுத்துக்காட்டாகும். 1552 முதல் 1574 வரை குருவாய் விளங்கிய அமர்தாசர், தம்மைக் காண வருவோர் முதலிற் பந்தியில் அமர்ந்து உண்ணல் வேண்டும் என்று விதித்தார் என்பது மரபு. அரசனும் ஆண்டியும் தரையில் ஒரே வரிசையில் அமர்தல் அங்கு நியதி. வருவாயிற் பத்திலொரு பங்கை அறத்துக்கு ஒதுக்குதலும், கையால் உழைத்துத் தொண்டு செய்தலும் அச்சமயத்தார் கடன். ஆதலின் அமிர்தசரசுப் பொற்கோயிலில் நாள்தோறும் ஐம்பதினாயிரம் பேருக்குக் குறையாது உணவளித்தும் பானை வற்றுவதில்லை. ஒருவர் மிகுதியாகக் கொடுப்பதை நம்பி அச்சாலை நிற்கவில்லை. எல்லாரும் சிறிது சிறிதாக, இடையறாது கொடுப்பதில் நிற்கின்றது.

இனி, நம் நிலையைச் சிறிது ஆராய்தல் கடன். அன்னதானம் நமக்குப் புதிதன்று. மணிமேகலையின் அமுதசுரபியைப் போற்றும் நாம், இரண்டாவதையும் மூன்றாவதையும் நெடுங்காலம் கைவரப்பெற்றவர்களே. மடங்களுக்கு வயலும் தோப்பும் எழுதிவைத்த முன்னோர் நமக்கு உண்டு. காசு கேட்டுச் சோறிடும் வழக்கம் கோயில்களில் இல்லை. ஆனால் முதலாவதாகிய பந்தியில் நாம் வழுவினோம். குலத்தின் பெயரால் ஒருசாராரைப் புறத்தே நிறுத்தி, எல்லாரும் உண்டபின் அவர்க்கு இட்டதை அறம் என்றே எண்ணினோம். காசு கொடுத்துண்ணும் தேநீர்க்கடைகளிற்கூட அவர்களுக்கு வேறு இடமும் வேறு பாத்திரமும் வைத்தோம். விலை கொடுக்கும் வலியிருந்தும் உள்ளே நுழைய இயலாதிருந்த அந்நிலை, டப்ளின் சங்கிலியினும் கொடிது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. எனினும் 1958இலும், பின்னர் 1960களின் பிற்பகுதியிலும் தேநீர்க்கடை வாயிலிற் போராடியே அவ்வுரிமையைப் பெறவேண்டியிருந்தது.

இது பழங்கதை என்று தள்ளிவிடற்பாலதன்று. 2022ஆம் ஆண்டில் நம் நாடு கடன் கட்ட இயலாது தத்தளித்தபோது, அவ்வாண்டு செத்தெம்பரிற் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததினும் ஏறக்குறைய இருமடங்காயிற்று. அதுகாறும் எவரிடமும் கைநீட்டாத குடும்பங்களும் ஒருவேளை உணவை விடுத்தன. கொழும்பிலும் பிற ஊர்களிலும் சமூகச் சமையலறைகள் எழுந்தன. அங்கு வந்து வரிசையில் நின்ற அன்னையர், தம்மை அயலார் காண்பரோ என அஞ்சியிராரோ? உணவு கிடைத்ததா என்பதோடு அவ்வச்சம் நீங்கியதா என்பதையும் கேட்டல் வேண்டும்.

அடுத்த இடர் வருமுன்னரே நாம் செய்யக்கூடியன உள. ஊர்தோறும் உள்ள கோயில் அன்னதான மண்டபங்கள், திருவிழா நாளில் மட்டுமன்றி வாரத்தில் ஓரிரு நாளேனும் திறந்திருக்கலாம். அங்கு வசதியுள்ளோரும் வந்து உண்ணுதல் மிக முதன்மையானது; அவர்கள் வந்தாலன்றி அது வறியோர் சாலையாகவே முடியும். உண்டியற்பெட்டியை ஒருவர் கண்ணும் படாத மூலையில் வைக்கலாம். பரிமாறவும் பாத்திரம் விளக்கவும் உண்டவர்களே முறைவைத்து உதவலாம். ஒருவர் கொடையை நம்பாது, ஊரார் பலரின் சிறு தொகையால் முதலைப் பேணலாம். உயர்தர வகுப்பு மாணவர்கள் இத்தகைய பந்தியொன்றில் ஒருநாள் பரிமாறி, மறுநாள் அங்கேயே அமர்ந்து உண்பராயின், ஏட்டிற் கற்கும் வரலாற்றின் பொருள் அவர்களுக்கு நன்கு விளங்கும். அகப்பையின் இருபுறமும் நின்றறிந்தவனே உணவிடும் முறையை அறிந்தவனாவான்.